மாக்ரெட் கேட்காமல் விட்ட கேள்வி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையல் கடைக்கு மேல் மாடியில் மாக்ரெட்டின் கந்தோர் இருக்கிறது. சட்டத்தரணி, உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு. படி செங்குத்தானது. மூச்சு வாங்க ஏறி வருகிற ஆளை இருத்தி, ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, பிறகு மாக்ரெட் செய்கிற முதல் வேலை தன்னைப் பற்றிச் சொல்வதுதான். "நான் கொட்டாஞ்சேனை. அப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டினவரு. நீங்க எந்த ஊரு? கல்யாணம் கட்டின இடம் எது?"

சிலர் முழிப்பார்கள். காணி உறுதி எழுத வந்த இடத்தில் லோயரின் அப்பா என்ன வேலை செய்தால் எங்களுக்கென்ன என்று முகத்தில் எழுதியிருக்கும். ஆனால் ஐந்து நிமிஷத்தில் அவர்களும் வாயைத் திறந்துவிடுவார்கள். ஊர் வரும், கட்டின இடம் வரும், தம்பியோடு கதை பேச்சு இல்லை என்பது வரும், கடைசியாக அவர்கள் உண்மையில் எதற்குப் பயந்து வந்தார்களோ அது வரும். மாக்ரெட் பேனையைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டு முடித்த பிறகு பாதிப் பேரிடம், "இதுக்கு எனக்கு இப்ப பதில் தெரியாது, பாத்துட்டு வியாழக்கிழமை சொல்றேன்" என்பாள்.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். நான் இந்த ஊர், நீங்கள் எந்த ஊர், எனக்குத் தெரியாது என்ற இந்த மூன்று வசனத்தையும் சொல்லப் பழகுவதற்கு அவளுக்கு இருபது வருஷம் எடுத்தது. அதைச் சொல்லவைத்த நன்றிக்கு அவள் இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு தரம் ஹெந்தளைக்குப் பஸ் ஏறுகிறாள்.

சட்டக் கல்லூரியால் வெளியே வந்த புதிதில், வெள்ளவத்தையில் பேரெடுத்த ஒரு சட்டத்தரணியிடம் அவள் உதவியாளராகச் சேர்ந்தாள். வந்து இரண்டாம் நாள். பெரியவர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். ஒரு குடும்பம் வந்தது. மாக்ரெட் எழுந்து, "வாங்க, இருங்க" என்றாள். வந்த யாழ்ப்பாணத்து அம்மா இருக்கவில்லை. அந்த இரண்டு சொல்லையும் காதில் போட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். கொட்டாஞ்சேனை என்றாள். சரி, பெரியவர் வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லி, கொண்டுவந்த பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்கள் படியிறங்கிப் போனார்கள். கோபமாகச் சொல்லவில்லை, அவமதிக்கவும் இல்லை. மிகவும் மரியாதையாகத்தான் போனார்கள். அந்த மரியாதைதான் மாக்ரெட்டுக்குள் முள்ளாக ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஒரு வருஷத்துக்குள் அவளுடைய நாக்கு மாறியது. வாங்கோ, இருங்கோ, ஓம், தெரியேல்லை எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தன் சொந்தக் கந்தோரைத் திறந்தபோது படியேறி வந்தவர்கள் அவளை யாழ்ப்பாணத்து வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அவளும் இல்லை என்று சொல்லவில்லை. யாராவது துருவினால், "எங்கட ஆக்கள் இளவாலைப் பக்கம்" என்று யாழ்ப்பாணத்து வேதக்கார ஊர் ஒன்றின் பேரை மெதுவாகச் சொல்லி, அடுத்த கேள்வி வருவதற்குள் பைலைத் திறந்துவிடுவாள்.

இதற்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. கொட்டாஞ்சேனை ஆட்களின் வேலையை எடுப்பதில்லை. கந்தோரில் நாலு பேர் இருக்கும்போது "என்னா மாகி" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது? தெரியாது என்ற சொல் அவள் வாயில் வராது. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இவள் நம்முடைய ஆள் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கூடப் படித்தவர்கள் பெரிய வழக்குகளில் பேரெடுக்கும்போது வயிறு எரியும். எதிர்ப்பக்க லோயரின் சாதாரணக் கடிதத்துக்கும் நாலு பக்கத்தில் குத்திப் பதில் எழுதுவாள். கட்சிக்காரர்கள் கெட்டிக்காரி என்றார்கள். வீட்டுக்கு வந்தால் தலையிடி.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வெள்ளவத்தையில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதல் கேள்வி ஊர் எது என்பதுதான். மாக்ரெட் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே!

சரி, இனி நடந்ததுக்கு வருவோம். இது ஆறேழு வருஷத்துக்கு முந்திய கதை.

பம்பலப்பிட்டியில் படிப்பிக்கிற சிவானி என்ற ஆசிரியை, தன் தகப்பன் தன் பேருக்கு எழுதிக் கொடுத்த வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டை விற்க மாக்ரெட்டிடம் வந்தாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொழும்பு. புருஷனோடு இல்லை, பல வருஷமாகத் தனி, ஒரே மகள். வாங்குகிறவர்கள் கிராண்ட்பாஸில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் மர்ஸூக்கும் அவருடைய மனைவி ஜவாஹிறாவும். மகள் றுஷ்னாவுக்குக் கல்யாணம் சரிவரும்போது கொடுப்பதற்கு ஒரு வீடு வேண்டும் என்று நாலைந்து வருஷமாகப் பார்த்துத் திரிந்தவர்கள். மாக்ரெட் உறுதியை எழுதினாள், சாட்சிகள் கையெழுத்து வைத்தார்கள், பதிவகத்தில் பதிந்தாயிற்று. ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து சிவானி திரும்ப வந்தாள். மகள் ஹம்சிகாவுக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது, அவளின் தகப்பன் யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள தன் காணியை அவளுக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார், அதற்கு உறுதி எழுத வேண்டும் என்றாள். மாக்ரெட் குறிப்பு எழுதிக்கொண்டே, அவர் கொக்குவில் ஆளா என்று சும்மா கேட்டாள். ஓம், அவருக்குச் சொந்த ஊரே அதுதான், எங்களுக்குக் கல்யாணம் நடந்ததும் அங்கேதான், விவாகரத்து என்று நாங்கள் கோட்டுக்கு ஒருநாளும் போகவில்லை என்று சிவானி சொல்லிக்கொண்டே போனாள். மாக்ரெட்டின் பேனை நின்றுவிட்டது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கென்று தேசவழமை என்று ஒரு சட்டம் உண்டு. அது காணியோடு கிடக்கிற சட்டமல்ல, ஆளோடு கூடப் போகிற சட்டம். புருஷன் அதற்குக் கட்டுப்பட்டவன் என்றால் கட்டிய மனைவியும் கட்டுப்பட்டவள், அவள் கொழும்பில் பிறந்தாலும் சரி. தன் பேரில் இருக்கிற வீடு வளவை விற்க அவளுக்குப் புருஷனின் சம்மதம் எழுத்தில் வேண்டும், அந்த வீட்டைக் கொடுத்தது அவள் தகப்பனேயானாலும். நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் கோபம் வரும். ஆனால் சட்டம் இருக்கிறவரை நொத்தாரிசு அதைப் பார்த்தே ஆகவேண்டும். மாக்ரெட்டுக்கு அது தெரியாததல்ல. தெரிந்த சட்டத்தைப் பொருத்திப் பார்க்க ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். உங்களுடைய அவர் எந்த ஊர்?

அதை அவள் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி லோயராக இருந்திருந்தால் தண்ணீர் கொடுக்கும்போதே கேட்டிருப்பாள்.

அன்று பின்னேரமே ஜவாஹிறா தொலைபேசியில் கூப்பிட்டாள். சந்தோஷச் செய்தி. றுஷ்னாவுக்கு இடம் சரிவந்துவிட்டது, நிக்காஹுக்கு இன்னும் இருபத்தொரு நாள், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம், மகள் பேருக்கு நீங்கள்தான் உறுதி எழுதித் தரவேண்டும் என்றாள். மாக்ரெட் வாழ்த்துச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தாள். அந்த வீட்டின் உறுதியில் ஓட்டை இருக்கிறது. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் அது நிற்குமா என்பதே சந்தேகம். தன் வீடு என்று நம்பிக் குடிபோகப் போகிற பிள்ளைக்கு அது தெரியாது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் மாக்ரெட்.

பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு அதைவிடக் கேவலமாக ஒரு யோசனை வந்தது. எப்படியும் கொக்குவில் காணிக்காக அந்த மனுஷனிடம் போகத்தானே வேண்டும்? அந்தக் கடதாசிகளுக்கு நடுவே வெள்ளவத்தை வீட்டுக்கான சம்மதக் கடிதத்தையும் சொருகிவிட்டால் என்ன? பத்துக் கையெழுத்தோடு பதினோராவது. சம்மதம் கைக்கு வந்துவிட்டால் சிவானியிடம் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி உறுதியைப் புதிதாக எழுதிவிடலாம். பிழை வெளியே வராது, வீடும் தப்பிவிடும். இப்படித்தான் கெட்டிக்காரர்கள் குழியில் விழுகிறது.

சிவானியின் புருஷன் யோகநாதன் ஹெந்தளையில், தமக்கை இரத்தினம்மாவின் வீட்டில் இருந்தார். அறுபது வயது இருக்கும். கழுத்துவரை பொத்தான் போட்ட சேட். கடதாசிக் கட்டை வாங்கி, மேசையில் சதுரமாகத் தட்டி அடுக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, முதலாவது பக்கத்தின் முதலாவது வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்பதை அவள் விசாரித்து வைத்திருக்கவில்லை.

ஏழாவது தாளில் நின்றார். இந்த வெள்ளவத்தைக் கடதாசி என்னத்துக்கு என்று கேட்டார். அது ஒரு வழமையான படிவம், எல்லாருக்கும் எடுக்கிறது என்றாள் மாக்ரெட். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார்.

"மிஸ் எந்த ஊர்?"

"எங்கட ஆக்கள் இளவாலைப் பக்கம்."

"அப்பிடியே? இளவாலைத் தபால் கந்தோரில ஏழு வருசம் இருந்தனான். அங்க என்ர சைக்கிள் போகாத ஒழுங்கை இல்லை. நீங்கள் எந்த ஒழுங்கை?"

இருபது வருஷமாக அவளிடம் ஊர்ப் பேர் இருந்தது, அதற்குள் ஒரு ஒழுங்கைகூட இருக்கவில்லை.

யோகநாதன் கடதாசிகளைத் திரும்பச் சதுரமாகத் தட்டி அவளிடம் நீட்டினார். குரலை உயர்த்தவில்லை. "ஊரையே பொய்யாச் சொல்லுற ஆளின்ர பேப்பரில நான் கையெழுத்து வைக்கமாட்டன். மகளின்ர காணியை வேற ஆளிட்டக் குடுத்துச் செய்விக்கிறன். போயிட்டு வாங்கோ."

வத்தளைச் சந்தியில் பஸ் ஏறி, பாலம் கடந்து, கொட்டாஞ்சேனையில் இறங்கும்வரை அவளுக்குக் காது சூடாகவே இருந்தது. வீட்டில் அண்ணன் வின்சன்ற் இருந்தான். அவனும் துறைமுகத்தில்தான் வேலை, அன்று ஓய்வு நாள். மேசையில் பாண் இருந்தது, பருப்பும் சம்பலும் இருந்தன. அவள் கையைக் கழுவாமல், சாப்பிடாமல், ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். வெட்கத்தில் அழுகை வந்தது.

வின்சன்ற் கடைசிவரை கேட்டுவிட்டு, "இளவாலையா?" என்றான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். "நம்ம அப்பா மடுத் திருவிழாவுக்கு ஒரே ஒரு தடவ போனாரு. அதத் தாண்டி வடக்கால ஒரு அடி வச்சதில்ல. ஒனக்கு ஏன்டி இளவாலை?" நிறுத்த முடியாமல் சிரித்தான். சிரித்ததில் பருப்பு சேட்டில் ஊற்றுப்பட்டது. மாக்ரெட் முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாணைப் பிய்த்துச் சாப்பிட்டாள். இருபது வருஷம் ராத்திரி பகலாகக் காவல் காத்த ரகசியம் வெளியே வந்ததும் இப்படிச் சிரிக்கிற அளவுதான் இருந்தது. அதை நினைக்க அவளுக்கு உடம்பே லேசாகிப்போனது. அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு தலையிடி இல்லாமல் நித்திரை கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் முதலில் சிவானியிடம் போனாள். விஷயத்தை நேராகச் சொன்னாள். சிவானிக்கு முகம் கறுத்துவிட்டது. அவரோடு கதைத்து எட்டு வருஷம், மகள் மூலம்தான் எல்லாம், நான் போய்க் கேட்கமாட்டேன், நீங்களே பாருங்கோ என்றாள். ஆனால் புது உறுதி எழுத வேண்டிவந்தால் எந்த நேரமும் வந்து கையெழுத்து வைப்பதாகச் சொன்னாள். அது பெரிய உதவி.

அதற்குப் பிறகு கிராண்ட்பாஸ். மர்ஸூக்கின் வீட்டில் கல்யாணச் சாமான்கள் சுவரோடு அடுக்கியிருந்தன. மாக்ரெட்டைக் கண்டதும் ஜவாஹிறா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். மாக்ரெட் கரண்டியைத் தொடவில்லை. தான் செய்த பிழையை, சட்டப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளியாமல், அவர்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். அவள் வாயிலிருந்து கொட்டாஞ்சேனைப் பேச்சே வந்தது. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

மர்ஸூக் எழுந்து நின்றார். கல்யாணக் கார்ட் அடித்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டுக்கு வீட்டைக் காட்டியாயிற்று, இப்ப வந்து சொல்றீங்களே மிஸ் என்று சத்தம் போட்டார். மாக்ரெட் குறுக்கே பேசவில்லை. நியாயமான கோபம். கொஞ்ச நேரத்தில் அவர் வார்த்தை முடிந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குத் தொழப் போய்விட்டார். ஜவாஹிறா மட்டும் இருந்தாள்.

"மிஸ், இது வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"சிவானிக்கும் என் அண்ணனுக்கும் நான்தான் சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது."

"அப்ப நீங்க செல்லாட்டி யாருக்கும் தெரிய வந்தீக்காதே. என்னத்துக்கு வந்து செல்றீங்க?"

"உங்க மக குடியிருக்கப் போற வீடு. எப்பயாச்சும் ஒரு நாள் இது வெளிய வந்தா, அன்னைக்கி அவ தனியா நிக்கணும். இப்ப சொன்னா நான் கூட நிப்பேன்."

ஜவாஹிறா வட்டிலப்பத்தை மாக்ரெட் பக்கம் தள்ளி, சாப்பிடுங்க என்றாள். மர்ஸூக் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது கோபம் தணிந்து கணக்குத் தெளிவாக இருந்தது. கோட்டுக்குப் போய்ச் சம்மதம் எடுக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும் என்று மாக்ரெட் சொன்னாள். நிக்காஹுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. பத்து நாள் தருகிறேன், அதற்குள் முடியாவிட்டால் வேறு லோயரைப் பிடிப்பேன் என்றார் அவர். மாக்ரெட் தலையாட்டினாள். வேறு லோயரிடம் போவதென்றால் பைலைத் தானே ஒழுங்காக எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னாள். இதைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளே ஒன்றும் குத்தவில்லை. அது அவளுக்கே புதினமாக இருந்தது.

அடுத்த நாள் மறுபடியும் ஹெந்தளை. கதவைத் திறந்த இரத்தினம்மா, நீங்களா என்ற மாதிரிப் பார்த்து, உள்ளே விடாமலே தம்பியைக் கூப்பிட்டார். மாக்ரெட் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"ஐயா, நான் கொட்டாஞ்சேனை. இளவாலைக்கு நான் ஒரு நாளும் போனதில்ல. அன்னைக்கி அந்தக் கடதாசிய உங்களுக்குத் தெரியாம சொருகிக் கையெழுத்து வாங்கத்தான் வந்தேன். அது பிழை. மன்னிச்சுக்கங்க. இன்னைக்கி உள்ளத உள்ளபடி சொல்லிட்டுப் போறேன். கையெழுத்து வைக்கிறதும் வைக்காததும் உங்க விருப்பம்."

அவர் கதவை விட்டு விலகி, உள்ளே வரச் சொன்னார்.

மாக்ரெட் எல்லாவற்றையும் சொன்னாள். வீடு விற்றபோது உங்களைக் கேட்கவேண்டும் என்பது சிவானிக்குத் தெரியாது, சொல்லவேண்டியவள் நான், நான் உங்கள் ஊரைக் கேட்கவில்லை, கேட்டால் என் ஊரைச் சொல்லவேண்டி வருமே என்று பயந்துபோய்க் கேட்கவில்லை என்றாள். வாங்கியவர்களின் மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறது, அந்த வீட்டைத்தான் அவளுக்குக் கொடுக்கிறார்கள் என்றாள். இந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதவரை உங்களுக்கு உரிமை இருக்கிறது, கையெழுத்து வைத்தால் அது போய்விடும், வேண்டுமென்றால் முதலில் வேறொரு லோயரிடம் காட்டிக் கேளுங்கள் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை.

யோகநாதன் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தாயும் மகளும் வீடு மாறிப் போனது தெரியும், வாடகைக்குக் குடுத்திருக்கினம் எண்டு நினைச்சன், வித்தது உங்கட பேப்பரிலதான் தெரியும் என்றார். அந்த வீட்டுக் குசினி அலுமாரி முழுவதும் அவர் கையால் அடித்தது. பங்கு கேட்கிற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லையே என்பதுதான் நோவு. உள்ளேயிருந்து இரத்தினம்மா, "சும்மா கையெழுத்து வையாதை யோகன்" என்றார். மாக்ரெட் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பழைய மாக்ரெட் என்றால் அந்த அம்மாவை நாலு சட்டம் சொல்லி வாயடைத்திருப்பாள். இவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவருக்கு யோசிக்க நேரம் வேண்டும், அது அவருடைய நேரம்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?"

"றுஷ்னா."

"எத்தினை வயசு?"

"இருபத்திமூணு."

"ஹம்சிகாவிலும் பாக்க ஒரு வயசுதான் கூட" என்றார். கண்ணாடியைப் போட்டார். கடிதத்தை முதலாவது வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். ஒரு எழுத்துப் பிழையைக் காட்டித் திருத்தச் சொன்னார். பக்கத்து வீட்டுப் புருஷனும் மனைவியும் சாட்சிக்கு வந்தார்கள். பிறகு பேனையை எடுத்து, முத்து முத்தாக, முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். கொக்குவில் காணிக் கடதாசிகளையும் கொண்டுவாருங்கோ, அதையும் நீங்களே செய்யலாம் என்றார்.

மாக்ரெட் நன்றிகூடச் சொல்லாமல் கடிதத்தை உறைக்குள் வைத்து, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"தங்கச்சி, கொட்டாஞ்சேனையில எந்த ஒழுங்கை?"

மாக்ரெட் திரும்பினாள். அந்தோனியார் கோயிலுக்குப் போகிற ரோட்டில் இடப்பக்கம், லொன்ட்ரிக்காரனைத் தாண்டி இரண்டாவது ஒழுங்கை என்றாள். உள்ளே போனால் பொதுப் பைப், பைப்படியில் எப்போதும் சண்டை, அதைத் தாண்டினால் ஏழாவது வீடு என்றாள். பைப்படியில் சண்டை நடந்தால் அம்மா தைப்பதை நிறுத்திவிட்டு இரண்டு பக்கக் கதையையும் கேட்பாள், அப்பா வேலை முடிந்து வரும்போது எண்ணெய் மணக்கும், செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கோயிலுக்கு வருகிற சனம் என்றாள். நின்றபடி தொடங்கியவள் எப்போது கதிரையில் இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரத்தினம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அந்தப் பைப்படிச் சண்டையில் பிறகு யார் வென்றது என்று அவரும் கேட்டார்.

இரண்டு நாளில் சிவானி வெள்ளவத்தைக் கந்தோருக்கு வந்து புதிய உறுதியில் கையெழுத்து வைத்தாள். மர்ஸூக் அதைக் கையில் வாங்கி, ஒரு பெருமூச்சு விட்டு, மக பேருக்கு எழுதுற உறுதியையும் நீங்களே எழுதுங்க மிஸ் என்றார். றுஷ்னா தன் பேரில் எழுதிய வீட்டுக்குக் குடிபோனாள். அங்கே இன்றைக்கும் யோகநாதன் அடித்த அலுமாரிகள்தான் இருக்கின்றன. பெயின்ட் மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அந்த மாதத்திலிருந்துதான் மாக்ரெட் வருகிற ஆளுக்குத் தன் ஊரை முதலில் சொல்லத் தொடங்கினாள். முதல் வாரத்தில் ஒரு குடும்பம் எழுந்து போனது. போகட்டும் என்று விட்டாள், அன்று மத்தியானச் சாப்பாடு வழக்கம்போல இறங்கியது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னபோது கட்சிக்காரர்கள் ஓடவில்லை, வியாழக்கிழமை திரும்ப வந்தார்கள். எதிர்ப்பக்க லோயருக்கு எழுதும் கடிதம் அரைப் பக்கமாகச் சுருங்கியது, அவர்களும் அரைப் பக்கத்தில் பதில் எழுதினார்கள், கோட்டுக்குப் போகவேண்டிய நாலைந்து சண்டை மேசையிலேயே முடிந்தது. கூடப் படித்தவர்கள் பெரிய வழக்கில் வென்றால் போன் பண்ணி வாழ்த்துகிறாள். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் இருக்கிறாள். "என்னா மாகி" என்று கூப்பிட்டுக்கொண்டு அந்த ஒழுங்கை முழுவதும் கடதாசியோடு வருகிறது. தான் இருக்கிற மாதிரியே இருக்கலாம் என்று ஆனபிறகு, மற்றவர் சொல்வதைக் கேட்க அவளுக்கு இவ்வளவு இடம் இருந்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு கேக்கோடு ஹெந்தளைக்குப் போகிறாள். யோகநாதனுக்குச் சீனி வருத்தம். ஒரு துண்டை நாலாக வெட்டி ஒன்றைச் சாப்பிடுவார், மிச்சம் இரத்தினம்மாவுக்கு. போன நத்தாருக்கு, நீங்கள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை என்று மாக்ரெட் தொடங்கினாள். அவர் கையை அசைத்து அந்தக் கதையை விட்டுவிட்டு, கொக்குவிலில் இருந்து தன் மருமகன் ஒருவன் ஒரு காணிப் பிரச்சினையோடு வருவான், பார்த்துச் செய்து கொடுங்கோ என்றார்.

தை மாதத்தில் ஒரு நாள் அந்த மருமகன் வெள்ளவத்தைக்கு வந்தான். கட்டிடத்தின் இலக்கத்தைத் தொலைத்துவிட்டு, கீழே தையல் கடையில் நின்று விசாரித்தான். மேலே மாக்ரெட் யன்னலைத் திறந்து வைத்திருந்தாள், அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"யோகன் மாமா அனுப்பினவர். கொட்டாஞ்சேனை மாக்ரெட் எண்டு ஒரு லோயர் இருக்கிறாவாம். யாழ்ப்பாணத்து ஆக்களின்ர காணி விசயமெண்டா அவவிட்டத்தான் போகோணுமாம்."

மாக்ரெட் இரண்டு கிளாஸில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். ஒன்று அவனுக்கு. மற்றதை எடுத்து, அவன் படியேறி வருவதற்குள், தானே குடித்தாள்.